சூடு போடாத மாடு: போர்ட்லண்ட் மேவரிக்ஸ், 1973–1977

மேவரிக் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கதை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் டெக்சாஸில் சாமுவேல் மேவரிக் என்று ஒரு வக்கீல். நிலமும் மாடும் நிறைய. ஊரில் எல்லாரும் தங்கள் மாடுகளுக்குச் சூடு போட்டு அடையாளம் வைத்திருக்க, இவர் மட்டும் வைக்கவில்லை. கடைசியில் சூடு இல்லாத மாடு எங்கே திரிந்தாலும் அதற்கு மேவரிக் என்றே பெயராகிவிட்டது, அப்புறம் யாருக்கும் கட்டுப்படாத மனிதர்களையும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். 1973இல் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் புதிதாகத் தொடங்கிய ஒரு பேஸ்பால் அணி இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. பொருத்தமான பெயர்தான், ஏனென்றால் அந்தக் காலத்தில் பெரிய அணி எதன் முத்திரையும் இல்லாத மைனர் லீக் அணி என்பது ஏறக்குறைய கேள்விப்படாத சங்கதி.

அணி இருந்தது ஐந்தே சீசன். ஒரு கோப்பைகூட வாங்கவில்லை. ஆனால் 500 டாலருக்கு வாங்கிய, அந்த ஊரில் அணி நடத்தும் உரிமை ஐந்து வருடத்தில் 2,06,000 டாலருக்குக் கைமாறியது. இந்த அணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தாடி, கலாட்டா, எரியும் துடைப்பம் என்று கதையாகவே சொல்லிப் போய்விடுகிறார்கள். அதெல்லாம் எனக்கும் பிடிக்கும், கீழே வரத்தான் போகிறது. ஆனால் இந்த 500 எப்படி 2,06,000 ஆனது என்ற கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் மைனர் லீக் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. அமெரிக்காவில் மேஜர் லீக் அணி ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாகச் சின்ன அணிகள் உண்டு. பண்ணை அணிகள் என்பார்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி 1920களில் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். சின்ன ஊரில் அணியை நடத்துகிறவர் மைதானத்தையும் டிக்கெட்டையும் பார்த்துக்கொள்வார், ஆட்டக்காரர்களை அனுப்புவதும் சம்பளம் கொடுப்பதும் தாய் அணியின் பொறுப்பு. கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் யார் ஆட வேண்டும், எத்தனை இன்னிங்ஸ் பந்து வீச வேண்டும் என்பதையும் தாய் அணிதான் சொல்லும். ஜூலையில் ஒரு பையன் நன்றாக அடிக்கத் தொடங்கினால் ஆகஸ்டில் அவனை மேலே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளூர்க்காரன் ஒருவன் பெயரைக் கற்றுக்கொண்டு கைதட்டத் தொடங்கும்போது அந்த ஆள் ஊரில் இருக்கமாட்டான். 1949இல் மைனர் லீக் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் சுமார் 4 கோடிப் பேர், 1960களின் தொடக்கத்தில் அது கிட்டத்தட்ட 1 கோடி. தொலைக்காட்சிதான் பெரிய காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு அந்த அணி தங்களுடையது என்ற எண்ணமே வராதபடி வைத்ததற்கும் இதில் பங்கு இருக்கிறது.

போர்ட்லண்டில் நடந்ததும் இதுதான். 1903இல் பசிபிக் கோஸ்ட் லீக் தொடங்கியபோதே அந்த ஊருக்கு அதில் ஒரு அணி உண்டு, சில வருடத்தில் அதற்கு பீவர்ஸ் என்று பெயர் வந்தது. மேஜர் லீக்குக்கு ஒரே படி கீழே இருக்கும் டிரிபிள் ஏ தரம். கூட்டம் தேய்ந்துகொண்டே போய் 1972 சீசன் முடிந்ததும் பீவர்ஸ் மூட்டை கட்டிக்கொண்டு வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேனுக்குப் போய்விட்டது. சிவிக் ஸ்டேடியம் என்ற பெரிய மைதானம் காலியாகக் கிடந்தது. போர்ட்லண்ட் பேஸ்பாலுக்குச் செத்த ஊர் என்று தொழிலில் இருந்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

அங்கேதான் பிங் ரஸ்ஸல் வருகிறார். ஹாலிவுட் துணை நடிகர். பிரபலமான ஒரு கௌபாய் தொலைக்காட்சித் தொடரில் பத்து வருடம் துணை ஷெரீஃபாக வந்துபோனவர், மற்றபடி படங்களில் சுடப்பட்டுச் சாகிற வேடங்கள். முகம் எல்லாருக்கும் தெரியும், பெயர் தெரியாது. இவருடைய மகன் கர்ட் ரஸ்ஸல் பின்னாளில் பெரிய நடிகர் ஆனார். பிங்குக்கு பேஸ்பால் சின்ன வயதிலிருந்தே ரத்தத்தில் இருந்தது. ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வளர்ந்தார். நியூயார்க் யாங்கீஸ் அணி அப்போது வசந்தகாலப் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஊர் அது, அங்கே ஆட்டக்காரர்கள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து அவர்களுக்குச் செல்லப்பிள்ளை ஆனவர். லெஃப்டி கோமஸ் போன்றவர்களைப் பக்கத்தில் பார்த்து வளர்ந்த பையனுக்கு, நாற்பத்தைந்து வயது தாண்டிய பிறகும் ஒரு அணி வைத்துப் பார்க்கும் ஆசை போகவில்லை. மகன் கர்ட்டும் அந்த நேரத்தில் மேஜர் லீக் அணியான ஏஞ்சல்ஸின் கீழ் அணிகளில் ஆடிக்கொண்டிருந்தார். 1973இல் டெக்சாஸின் எல் பாசோவில் தோள் கிழிந்து அந்த வாழ்க்கை முடிந்தது. பிறகு அப்பாவுடைய அணிக்கே வந்து ஆடவும் செய்தார், விளம்பர வேலையும் பார்த்தார்.

காலியான போர்ட்லண்டுக்கு நார்த்வெஸ்ட் லீக்கில் இடம் கேட்டார் பிங். அது அப்போது கீழ்த்தட்டு லீக், ஜூனில் தொடங்கி செப்டம்பரில் முடிகிற குறுஞ்சீசன். 500 டாலர் கட்டணம். நம்மூரில் சுயேச்சை வேட்பாளர் டெபாசிட் கட்டுகிற மாதிரி கட்டினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, டெபாசிட் போய்விடும் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

தாய் அணி இல்லையென்றால் ஆட்டக்காரர்கள் எங்கிருந்து வருவார்கள்? பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் வரலாம், வந்து ஆடிக் காட்டலாம். மற்ற அணிகள் கழித்துவிட்டவர்கள், யாருமே எடுக்காதவர்கள், வேறு வேலைக்குப் போய்விட்டும் ஆசை விடாதவர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டோர் வந்து நின்றார்கள். நாட்டின் மறுகோடியிலிருந்து பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. மற்ற அணிகளில் இருந்தவர்கள் பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைகள், இங்கே வந்தவர்களில் பலர் இருபத்தைந்தைத் தாண்டியவர்கள். தாடி, மீசை, தொப்பை. வயதில் மூத்தவன் என்பது இந்தத் தரத்தில் பெரிய சாதகம். வேகமாக வீசத் தெரிந்து எங்கே வீசுவது என்று தெரியாத பையன்களுக்கு எதிரே, ஏமாற்றத் தெரிந்த ஆட்கள் நின்றார்கள். முதல் வருடமே 45 வெற்றி, 35 தோல்வி. ஐந்து சீசனிலும் தோல்வியைவிட வெற்றி அதிகம்.

ஆட்டக்காரர்களில் ஒருவரைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஜிம் ஸ்வான்சன், கேட்ச்சர். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் உட்காருகிற மாதிரி அடிப்பவருக்குப் பின்னால் உட்காருகிறவர். இவர் இடதுகையால் எறிபவர். பேஸ்பாலில் இடதுகை கேட்ச்சர் என்பது காணக் கிடைக்காத பொருள். பேஸ் என்பது ஓடுகிறவர் வரிசையாகத் தொட வேண்டிய நிலை, மூன்றாம் பேஸுக்குத் திருட்டுத்தனமாக ஓடுகிறவனைப் பந்தை எறிந்து பிடிக்க வேண்டும், அடிப்பவர்கள் பெரும்பாலும் வலதுகைக்காரர்கள், இடதுகைக்காரர் எறிய வரும்போது சரியாக அந்தக் கையின் வழியில் மட்டையோடு ஒருவன் நிற்பான். அதனால் பள்ளிக்கூடத்திலேயே பயிற்சியாளர் அப்படிப்பட்ட பையனை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார். தாய் அணி உள்ள எந்த இடத்திலும் ஸ்வான்சன் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. இது திறமைக் குறைவு பற்றிய பேச்சே கிடையாது. மேஜர் லீக் வரை அனுப்ப முடியாத ஆளுக்கு எதற்கு இன்னிங்ஸை வீணாக்குவது என்பதுதான் பண்ணையின் கேள்வி. பிங்குக்கு அந்தக் கேள்வியே எழவில்லை, அவருக்கு அன்று ராத்திரி ஆட்டம் ஜெயித்தால் போதும்.

அவர் 30 பேரை வைத்துக்கொண்டார், தேவைக்கு மேல். இன்னும் ஒரே ஒரு சீசன் ஆட வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவனை எப்படி அனுப்புவது என்பது அவருடைய நியாயம். மனசு பெரியது, சரி. கணக்கையும் பார்ப்போம். சம்பளம் மாதம் 300, 400 டாலர் என்று இருந்தது. 400 என்றே வைத்தாலும் 30 பேருக்கு மாதம் 12,000 டாலர், அது முழுக்க பிங் கையிலிருந்து. எதிரணி முதலாளிகளுக்கு இந்தச் செலவே கிடையாது. மைதானத்தில் கம்பெனி விளம்பரப் பலகைகளும் வேண்டாம் என்று இருந்தவர் அவர், ஆக டிக்கெட்டும் தின்பண்டமும் விற்றுத்தான் ஓட வேண்டும். அந்த 300, 400 டாலரில் ஆட்டக்காரன் மட்டும் எப்படி வாழ்ந்தான் என்ற கேள்வியும் இருக்கிறது. இதையெல்லாம் வெறும் காதல் கதையாகச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். சுதந்திரத்தின் செலவில் பாதியை முதலாளியும் மீதியை ஆட்டக்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதுதான் சரி.

இப்போது கூத்துக்கு வருவோம். 1974, 75இல் அணி மேலாளராக இருந்தவர் ஃபிராங்க் பீட்டர்ஸ், போர்ட்லண்டில் மதுக்கடை நடத்தியவர். ஒரு ஆட்டத்தில் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒன்பது பேரும் இடம் மாற வேண்டும் என்று சொல்லிவிட்டார். கேட்ச்சர் பந்து வீசுகிற பிட்ச்சர் ஆனார், பிட்ச்சர் வெளிமைதானத்துக்குப் போனார், இப்படியே சுற்றிச் சுற்றி வந்து ஆட்டத்தை ஜெயித்தும்விட்டார்கள். தோற்ற அணியின் பயிற்சியாளர் தன் தாய் அணிக்கு அன்றைய அறிக்கையில் என்ன எழுதினார் என்று படித்துப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

அப்புறம் ஜோ கார்ஸா என்ற ஆட்டக்காரர். எதிரணியை ஒரு தொடரில் எல்லா ஆட்டத்திலும் தோற்கடிப்பதை ஆங்கிலத்தில் பெருக்கித் தள்ளுவது என்பார்கள். தொடரின் கடைசி ஆட்டம் கைக்குள் வந்துவிட்டால் கார்ஸா ஒரு துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார், ஆட்டுவார், சில நாள் அதற்குத் தீயும் வைப்பார். கூட்டத்தில் பலரும் வீட்டிலிருந்தே துடைப்பம் கொண்டுவரத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் வேறு ஊருக்கு அனுப்பிவிடக்கூடிய ஒரு ஆளுக்காக யாரும் வீட்டிலிருந்து துடைப்பம் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். கார்ஸா அடுத்த வாரமும் இருப்பார், அடுத்த வருடமும் இருப்பார் என்று ஊருக்குத் தெரியும்.

அலுவலகத்திலும் பிங் அதே போக்குதான். லேனி மாஸ் என்ற இளம்பெண்ணைப் பொது மேலாளர் ஆக்கினார். தொழில்முறை பேஸ்பாலில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். அவருக்குப் பின் ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த ஜான் யோஷிவாரா அந்த நாற்காலிக்கு வந்தார். இதைக் கொள்கை முழக்கமாகச் செய்ததாகத் தெரியவில்லை, வேலை பார்க்கிற ஆளாகத் தெரிந்தார்கள், கொடுத்தார், அவ்வளவுதான்.

1975இல் வந்தவர் ஜிம் பௌட்டன். இவரைப் பற்றி மட்டுமே தனியாக எழுதலாம். 1963இல் யாங்கீஸ் அணிக்கு 21 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த பிட்ச்சர். மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரில் 1964இல் இரண்டு வெற்றி. பிறகு கை போனது, 1970இல் ஓய்வு. அதே வருடம் ஆட்டக்காரர்களின் அறையில் நடப்பதை எல்லாம் அப்படியே போட்டு உடைத்து ஒரு புத்தகம் எழுதினார், பேஸ்பால் உலகமே இவரைத் தள்ளி வைத்தது. யாங்கீஸ் தன் பழைய ஆட்டக்காரர்கள் விழாவுக்கு இவரைக் கூப்பிட்டது 1998இல்தான், அதிலிருந்து கோபம் எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம். நியூயார்க்கில் தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த இந்த மனிதர், முப்பத்தாறு வயதில், மாதம் சில நூறு டாலருக்குப் போர்ட்லண்டில் வந்து பந்து வீசினார். அதற்குள் அவர் கையில் இருந்தது நக்கிள்பால், சுழலாமல் தள்ளாடித் தள்ளாடி மிதந்து வரும் மெதுவான பந்து. 1977இல் மறுபடியும் வந்தார்.

அந்த 1977இல்தான் பந்து வீசாத பிட்ச்சர்கள் காத்திருக்கும் இடத்தில் ஒரு பேச்சு நடந்தது. அமெரிக்க பேஸ்பாலில் புகையிலை குதப்புவது அப்போது சகஜம், எங்கே பார்த்தாலும் பழுப்பு எச்சில். பௌட்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராப் நெல்சன் என்ற இடதுகை பிட்ச்சருக்கு அந்தக் கண்றாவி பிடிக்காது, ஆனால் பையிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் திணித்துக் கன்னம் உப்ப உட்கார்ந்திருக்கும் அந்தத் தோரணை பிடிக்கும். சூயிங்கத்தைப் புகையிலை மாதிரி துருவிப் பையில் போட்டு விற்றால் என்ன என்று கேட்டார். பௌட்டன் அதைப் பிடித்துக்கொண்டார், பணமும் போட்டார். முதல் மாதிரியைச் செய்து பார்த்தது, அணிக்கு மட்டை எடுத்துக் கொடுக்கும் பையனாக இருந்த டாட் ஃபீல்டின் வீட்டுச் சமையலறையில். அந்தப் பையன் பின்னாளில் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற இயக்குநர் ஆனார். ரிக்லி கம்பெனியின் கிளையான அமுரால் 1980இல் பிக் லீக் சூ என்ற பெயரில் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. இன்றுவரை விற்ற பைகள் 80 கோடிக்கு மேல்.

1977 மேவரிக்ஸின் உச்சம். 66 ஆட்டத்தில் 44 வெற்றி, 22 தோல்வி. சீசன் முழுக்க மைதானத்துக்கு வந்தவர்கள் 1,25,300 பேர், இந்தக் குறுஞ்சீசன் தரத்தில் அதுவரை யாரும் பார்க்காத எண்ணிக்கை. பாதி ஆட்டம் சொந்த ஊரில் என்று வைத்தால் ஆட்டத்துக்குச் சராசரி 3,800 பேர் வருகிறது. செத்த ஊர் என்று எழுதி வைத்த ஊரில். லீக் இறுதியில் பெல்லிங்ஹாம் மரைனர்ஸ் அணியோடு மூன்று ஆட்டத் தொடர், சியாட்டிலில் அந்த வருடம்தான் பிறந்த மேஜர் லீக் அணியின் பண்ணைப் பிள்ளைகள் அவர்கள். 2–1 என்று மேவரிக்ஸ் தோற்றது. ஊரே எதிர்பார்த்த அந்த ஒரே கோப்பையும் வரவில்லை.

அந்த வருட இறுதிக்குள் பசிபிக் கோஸ்ட் லீக்குக்கு போர்ட்லண்ட் மறுபடி இனிக்கத் தொடங்கியது. அன்றைய மைனர் லீக் விதிப்படி மேல்தர லீக் ஒன்று கீழ்த்தர லீக்கின் ஊரை வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம், இழப்பீடு மட்டும் கொடுக்க வேண்டும். ஊரில் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவர் முடியாது என்று சொல்ல வழியில்லை. எவ்வளவு என்பதில் மட்டும்தான் பேசலாம். 26,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். அதுவரை ஒரு ஊருக்காக யாரும் கொடுத்திராத பெரிய தொகை. 500 கட்டியவருக்கு 26,000 என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பிங் 2,06,000 கேட்டார்.

விஷயம் மத்தியஸ்தரிடம் போனது. அங்கே இடித்துக்கொண்டது இரண்டு கணக்குகள் என்று எனக்குத் தோன்றுகிறது. லீக்கின் பார்வையில் போர்ட்லண்ட் என்பது வரைபடத்தில் ஒரு புள்ளி, அந்தத் தரத்துக்கு வழக்கமாக என்ன விலையோ அதற்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுக்கிறோம் என்ற நினைப்பு. பிங்கின் பார்வையில் 1972இல் அவர்களே தூக்கிப் போட்டுவிட்டுப் போன புள்ளி அது, இப்போது அவர்கள் திரும்பி வருவது அந்த 1,25,300 பேருக்காக, அந்தக் கூட்டத்தை உண்டாக்கியவன் நான். தீர்ப்பு பிங் பக்கம் வந்தது. கேட்ட 2,06,000 டாலரும் கிடைத்தது. மைனர் லீக்கில் ஊர் உரிமைக்குக் கிடைத்த தொகையில் அதுவரை அதற்குப் பக்கத்தில்கூட எதுவும் இல்லை.

பணம் வந்தது, அணி போனது. இதை வெற்றி என்று கொண்டாடுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு கிடையாது. பிங் விற்கக் கடை போடவில்லை. விதி அவரை வெளியே போகச் சொன்னது, போகிற போக்கில் வாசலில் நின்று உரிய கூலியை வசூலித்துக்கொண்டார், அவ்வளவே. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அணி நொண்டி அடித்துக்கொண்டே இருந்திருந்தால் யாரும் அந்த ஊரைக் கேட்டிருக்கமாட்டார்கள், மேவரிக்ஸ் இன்னும் பத்து வருடம் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கலாம்.

1978இல் பீவர்ஸ் என்ற பெயரோடு டிரிபிள் ஏ பேஸ்பால் சிவிக் ஸ்டேடியத்துக்குத் திரும்பியது. 1993 சீசனோடு அந்த அணி சால்ட் லேக் சிட்டிக்குப் போனது. 2001இல் வேறொரு பீவர்ஸ் வந்து, 2010இல் அதுவும் போனது. மைதானத்தைக் கால்பந்துக்காக மாற்றிக் கட்டிவிட்டார்கள், இப்போது பிராவிடன்ஸ் பார்க் என்று பெயர், டிம்பர்ஸ் அணி ஆடுகிறது. தாய் அணி இல்லாத லீக்குகள் அமெரிக்காவில் பெரிய அளவில் மறுபடி எழுந்தது 1993இல், நார்தர்ன் லீக் என்ற பெயரில். பிங் ரஸ்ஸல் 2003இல் இறந்தார்.

ஜிம் பௌட்டனைப் பாதியில் விட்டுவிட்டேன். 1977இல் போர்ட்லண்டில் வீசி முடித்தவர் மேலே ஏறிக்கொண்டே போய், அடுத்த வருடம் செப்டம்பரில் அட்லாண்டா பிரேவ்ஸ் சீருடையில் மேஜர் லீக் மைதானத்தில் நின்றார். எட்டு வருடத்துக்குப் பிறகு. வயது 39. செப்டம்பர் 14 அன்று சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸுக்கு எதிராக வீசி ஜெயித்தார், அவருடைய கடைசி மேஜர் லீக் வெற்றி அதுதான். அவர் அதற்கு முந்தைய கோடையில் ஆடிய அணி அப்போது எந்த லீக்கின் பட்டியலிலும் இல்லை.